விமானத்தின் முன்கண்ணாடியையே திரையாக்க முடியாதா?

உங்கள் கேள்வி இதுதான்: கார் முன்கண்ணாடியிலேயே வேகமும் வழியும் தெரிகிற காலத்தில், விமானத்தின் முன்கண்ணாடி முழுவதையும் திரையாக்கி ஓடுபாதை, மலை, எதிரே வரும் விமானம், புயல் மேகம் எல்லாவற்றையும் பைலட்டின் கண்முன் ஏன் வரைந்து காட்டுவதில்லை? இதன் சிறு மாதிரியை இறுதியாண்டு ப்ராஜெக்டாகச் செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நேராகக் கேட்காத ஒன்றும் உள்ளே இருக்கிறது. வெளிக்காட்சி மேல் ஒரு கோடு வரைந்தால், அது சரியான இடத்தில்தான் நிற்கிறது என்று எப்படி நம்புவது? இந்தத் துறையின் பாதி வேலை அதற்குப் பதில் சொல்வதிலேயே போகிறது. எனவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், இது ஏற்கெனவே இருக்கிறது. ஹெட்-அப் டிஸ்ப்ளே, சுருக்கமாக ஹட். போயிங் 787-இல் இரண்டு பைலட்டுகளுக்குமே தொழிற்சாலையிலிருந்தே பொருத்தி வருகிறது. 737, ஏ320 போன்றவற்றில் வாங்கும் நிறுவனம் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டுத் தேஜஸ் போர் விமானத்தின் ஹட், சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் ஆய்வகமான சி.எஸ்.ஐ.ஓ.-இல் வடிவமைக்கப்பட்டது. ஆனால் இவை எதிலும் படம் விழுவது முன்கண்ணாடியில் இல்லை. பைலட்டின் கண்ணுக்கு 25, 30 சென்டிமீட்டர் முன்னால் நிற்கும் தனிக் கண்ணாடித் தகடு ஒன்றில் விழுகிறது. அதற்கு கம்பைனர் என்று பெயர். பயணிகள் விமானங்களில் பெரும்பாலும் தலைக்கு மேலே ப்ரொஜெக்டர் இருக்கும், கம்பைனர் கூரையிலிருந்து கீழே இறங்கும், வேண்டாதபோது மடக்கி வைத்துவிடலாம். ஆக, நீங்கள் கேட்பது ‘ஏன் இல்லை’ என்பதைவிட ‘ஏன் தனித் தகடு’ என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

காரணம் தெரிய, ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பைலட்டின் கண்ணிலிருந்து முன்கண்ணாடி 70 செ.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவதுபோல, ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு நேராக ஒரு குறியை வரைகிறீர்கள். பைலட் தலையை 3 செ.மீ. நகர்த்துகிறார். 3-ஐ 70-ஆல் வகுத்தால் 0.043 ரேடியன், அதாவது 2.5 டிகிரி. ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஓடுபாதைமேல் அந்தக் குறி 43 மீட்டர் நகர்ந்துவிடும். பெரிய விமான நிலைய ஓடுபாதையின் அகலமே 45 மீட்டர்தான். தலை அசைந்த அசைவில் குறி ஓடுபாதையை விட்டே வெளியே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, 70 செ.மீ.-இல் உள்ள எழுத்தைப் படிக்க ஒரு முறை, தூரத்து ஓடுபாதையைப் பார்க்க ஒரு முறை என்று கண் மாறி மாறிக் குவிந்தாக வேண்டும்.

இதற்கு உள்ள ஒரே தீர்வு, படத்திலிருந்து வரும் கதிர்களை இணையாக்கி அனுப்புவது. ஒரு லென்ஸின் குவியத்தூரத்தில் படத்தை வைத்தால், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கிளம்பும் ஒளி இணைகதிராக வெளியேறும். கண்ணுக்கு அந்தப் படம் முடிவிலியில், நிலாவைப்போல், இருப்பதாகத் தோன்றும். நீங்கள் நடக்கும்போது நிலா கூடவே வருகிறதல்லவா, அதே மாதிரி தலையை நகர்த்தினாலும் குறி ஓடுபாதையின் அதே புள்ளிமேலேயே நிற்கும். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. துப்பாக்கிக் குறிபார்ப்பதற்காக ஹோவர்ட் கிரப் 1900-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போர் விமானங்களின் குறிகாட்டிகளுக்கும் இன்றைய ஹட்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். காரில் உள்ளது இந்த அளவுக்குப் போவதில்லை. வழக்கமான கார் ஹட், படத்தை பானட்டுக்கு மேலே இரண்டு, மூன்று மீட்டர் தூரத்தில் மிதக்க விடும். வேகத்தின் எண்ணைப் படிக்க அது போதும். ஓடுபாதைமேல் கோடு பொருத்த அது போதாது.

இணைகதிர் என்றதும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. லென்ஸ் என்கிற ஜன்னல் வழியாகத்தான் அந்தப் படம் தெரியும். கண்ணிலிருந்து அந்த ஜன்னல் எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவு பெரிதாக வேண்டும். கிடைமட்டத்தில் 30 டிகிரி பார்வை வேண்டும், தலை இப்படியும் அப்படியும் மொத்தம் 7.6 செ.மீ. நகர இடம் வேண்டும் என்று வையுங்கள். பயணிகள் விமான ஹட்டுகளுக்கு அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. சொல்லும் குறைந்தபட்ச அகலம் அது, 3 அங்குலம். வளைந்த கம்பைனரே கதிர்களை இணையாக்கும் ஆடியாகவும் வேலை செய்து, கண்ணுக்கு 30 செ.மீ. முன்னால் நின்றால், அதன் அகலம் சுமார் 24 செ.மீ. போதும். அதையே தட்டையான முன்கண்ணாடியில் பிரதிபலிக்க வைத்து, லென்ஸைக் கீழே டேஷ்போர்டுக்குள் வைத்தால், கண்ணிலிருந்து கண்ணாடி 70 செ.மீ., அங்கிருந்து லென்ஸ் இன்னொரு 60 செ.மீ., மொத்தம் 130. இப்போது லென்ஸின் அகலம் 77 செ.மீ. ஆகிறது! டேஷ்போர்டில் அதற்கு இடமே கிடையாது. முன்கண்ணாடியையே வளைத்து ஆடியாக்கலாம் என்று தோன்றும். காகிதத்தில் அது நடக்கும். ஆனால் முன்கண்ணாடியின் வளைவைத் தீர்மானிப்பது காற்றோட்டமும் உடற்சட்டத்தின் வலிமையும். ஒளியியலுக்கு அந்த மேசையில் கடைசி நாற்காலிதான்.

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அது ஒரே கண்ணாடி கிடையாது. கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் படலம், மறுபடி கண்ணாடி அல்லது இழுத்து உறுதியாக்கிய அக்ரிலிக் என்று அடுக்கடுக்காக ஒட்டியது. இடையில் பனி பிடிக்காமல் சூடேற்றும் மெல்லிய மின்கடத்தும் பூச்சும் உண்டு. வழியாகப் பார்ப்பதற்கு நல்ல கண்ணாடி, ஆடியாகவும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வழியாகப் போகும் கதிருக்கு, முன்புறமும் பின்புறமும் ஒரே மாதிரி நெளிந்திருந்தால் பாதிப்பு கிட்டத்தட்ட இல்லை. பிரதிபலிக்கும் கதிரோ, பரப்பு சாய்ந்த கோணத்தைப்போல் இரு மடங்கு திரும்பிவிடும். இதைவிடத் தொல்லை இரட்டைப் பிம்பம். உள்பரப்பும் வெளிப்பரப்பும் தனித்தனியே பிரதிபலிக்கின்றன. இரண்டும் துல்லியமாக இணையாக இருந்தால், முடிவிலியில் உள்ள படத்துக்கு இரண்டு பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும், கவலையில்லை. ஆனால் இரண்டு பரப்புக்கும் இடையே 1 மில்லிரேடியன் (ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சாய்வு இருந்தாலே, 60 டிகிரி சரிவில் பிம்பங்கள் ஏறக்குறைய 5 மில்லிரேடியன் விலகும். பயணிகள் விமான ஹட்டின் நடுப்பகுதியில் அனுமதிக்கப்படும் மொத்தப் பிழையே 5 மில்லிரேடியன்தான். வெளியே மைனஸ் 50 டிகிரி, உள்ளே அறை வெப்பம், நடுவில் ஹீட்டர் என்றிருக்கும்போது அந்த இணைத்தன்மை பறக்கும் நேரம் முழுக்க மாறாமல் இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

இதற்கு மேல் சான்றிதழ் விதி. பெரிய விமானங்களுக்கான அமெரிக்க விதி 25.775, நான்கு பவுண்டு பறவை ஒன்று விமானத்தின் வடிவமைப்புப் பயண வேகத்தில் மோதினாலும் அது கண்ணாடியைத் துளைக்கக் கூடாது என்கிறது. அடுக்குகளுக்கு நடுவே, தட்டையாக இருந்தும் வளைந்த ஆடிபோல் ஒளியைத் திருப்பும் ஹோலோகிராம் படலம் ஒன்றைச் செருகினால், ஒட்டும் வலிமை மாறும். அந்தச் சோதனைகளை மறுபடி செய்தாக வேண்டும். விமான முன்கண்ணாடி விரிசல் விட்டும், அடுக்கு பிரிந்தும், ஹீட்டர் பழுதாகியும் வாழ்நாளில் பலமுறை மாற்றப்படும் பொருள். இன்றைக்கு அது இயந்திரத் தொழில்நுட்பர் செய்யும் வேலை. அதுவே ஒளியியல் பாகமாகிவிட்டால், ஒவ்வொரு முறையும் ப்ரொஜெக்டரைப் புதிதாக அளந்து நேர்ப்படுத்தும் வேலையும் சேர்ந்துகொள்ளும். முன்கண்ணாடியையே பயன்படுத்திய காலமும் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் ஹாக்கர் டெம்பெஸ்டில் குறிகாட்டியின் ஒளிவட்டம் நேராக முன்கண்ணாடியிலேயே விழுந்தது. அங்கே இருந்தது தட்டையான குண்டுதுளைக்காக் கண்ணாடி, காட்ட வேண்டியதோ சில டிகிரி அகலமுள்ள ஒரு வட்டமும் புள்ளியும். அந்த அளவில் அது சரி. நீங்கள் கேட்பது 30, 40 டிகிரி அகலப் படம்.

எனவே, முழு முன்கண்ணாடித் திரை பயணிகள் விமானத்தில் இன்று இல்லை, அதற்கான காரணங்கள் வடிவியலிலும் கண்ணாடிப் பொருளின் தன்மையிலும் இருக்கின்றன என்பது உறுதி. ஹோலோகிராம் படலங்களும் அலைவழித் தகடுகளும் இந்தக் கணக்கை மாற்றுமா என்பது இன்னும் முடிவாகாத விஷயம். மெல்லிய தகட்டின் ஓரத்தில் ஒளியைச் செலுத்தி, உள்ளுக்குள்ளேயே பிரதிபலிக்க வைத்து, பரப்பு முழுவதும் சிறுகச் சிறுக வெளியே விடுவது அலைவழித் தகடு. இதனால் கம்பைனரும் ப்ரொஜெக்டரும் மிகச் சிறிதாகியிருக்கின்றன. சிறிய காக்பிட்டுகளில் ஹட் நுழைய இது வழி செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சிறிய தகட்டில் சாதித்ததை மீட்டர் அளவுக் கண்ணாடிக்கு நீட்டலாம் என்பவர்களிடம், மேலே சொன்ன வெப்பம், பறவை, மாற்றும் செலவு மூன்றுக்கும் பதில் கேளுங்கள்.

அடுத்தது வெளிச்சம். வெயிலில் பளீரென்று தெரியும் வெண்மேகத்தின் ஒளிர்வு சதுர மீட்டருக்குச் சுமார் 34,000 கேண்டெலா. அதன்மேல் கோடு தெரிய, கோடு பின்னணியைவிடக் குறைந்தது 20 சதவீதம் அதிகம் ஒளிர வேண்டும். 80 சதவீத ஒளியை உள்ளே விடும் கம்பைனர் என்றால், கண்ணை வந்தடைய வேண்டிய கோட்டின் ஒளிர்வு ஏறத்தாழ 5,400 கேண்டெலா. சாதாரணக் கண்ணாடியின் ஒரு பரப்பு, 60 டிகிரி சரிவில்கூட 9 சதவீதம் ஒளியைத்தான் திருப்பும். அப்படியானால் ப்ரொஜெக்டருக்குள் உள்ள படம் 60,000 கேண்டெலாவில் எரிய வேண்டும். உங்கள் கைப்பேசித் திரை வெயிலில் முழு வெளிச்சம் வைத்தாலும் ஓரிரு ஆயிரத்தைத் தாண்டாது. இதனால்தான் கம்பைனருக்கு, பச்சையின் ஒரு குறுகிய பட்டையை மட்டும் பலமாகப் பிரதிபலித்து மற்ற நிறங்களை விட்டுவிடும் பூச்சு. கண்ணின் உணர்திறன் பகலில் 555 நானோமீட்டர் பக்கம் உச்சம். பழைய படக்குழாய் ஹட்டுகளில் பயன்பட்ட பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சின் உச்சமும் 545-ஐ ஒட்டியே இருந்தது. ஹட் ஏன் எப்போதும் பச்சை என்று பலர் கேட்பதற்குப் பதில் இது. வண்ண ஹட் செய்யலாம். ஆனால் வெளிச்சம் கூடிச் சேருமே ஒழியக் குறையாது. வெள்ளை மேகத்தின்மேல் சிவப்பு எழுதினால் அது வெளிறிய இளஞ்சிவப்பு. ‘சிவப்பு என்றால் ஆபத்து’ என்ற மரபை அதை நம்பி ஒப்படைக்க முடியாது. இரவிலோ நேர்மாறான சிக்கல். அதே கோடு பல ஆயிரம் மடங்கு மங்க வேண்டும், இல்லையென்றால் ஓடுபாதை விளக்குகளையே மறைத்துவிடும்.

இனி, எதை வரைவது. ஹட்டின் உயிர் அலங்காரப் படங்களில் இல்லை, ஒரு சிறு வட்டத்தில் இருக்கிறது. இரண்டு இறக்கையும் ஒரு வாலும் கொண்ட அந்த வட்டம், விமானம் மூக்கை எங்கே நீட்டியிருக்கிறது என்பதைக் காட்டாமல், உண்மையில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும். ஃப்ளைட் பாத் வெக்டர் என்பார்கள். அதை ஓடுபாதையில் தரைதொடும் இடத்தின்மேல் வைத்து, அந்த இடம் அடிவானத்துக்கு 3 டிகிரி கீழே இருக்கும்படி பார்த்துக்கொண்டால், விமானம் 3 டிகிரி சரிவில் அங்கேதான் போகும். காற்று பக்கவாட்டில் தள்ளினால் வட்டமும் பக்கவாட்டில் நகர்ந்து காட்டிக்கொடுக்கும். ஜைரோக்களும் முடுக்கமானிகளும் கொண்ட இனர்ஷியல் அமைப்பு தரும் திசைவேகத்திலிருந்து இது கணக்கிடப்படுகிறது. இந்த ஒரு குறியாலும் அதோடு வரும் வழிகாட்டிப் புள்ளியாலும்தான், ஓடுபாதையில் பார்வைத்தூரம் 200 மீட்டர் அளவுக்குக் குறைந்த பனிமூட்டத்திலும் பைலட் கையாலேயே தரையிறக்க முடிகிறது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1980-களின் இறுதியிலேயே 727-களில் இந்த வழியைத் தொடங்கிவிட்டது.

புதிதாக ஹட் வழியே பார்ப்பவர்களைக் குழப்பும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 40,000 அடி உயரத்தில் ஹட்டின் அடிவானக் கோடு, கண்ணுக்குத் தெரியும் அடிவானத்துக்கு 3 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். கருவி பழுது என்று நினைக்கத் தோன்றும். பழுதில்லை. கோடு காட்டுவது உண்மையான கிடைமட்டம். பூமி உருண்டை என்பதால், அந்த உயரத்திலிருந்து தெரியும் அடிவானம் அதற்குக் கீழே இறங்கிப் போயிருக்கிறது. தரைக்கு அருகே வந்ததும் இரண்டும் சேர்ந்துவிடும்.

பிழை அளவுக்கு வருவோம். நடுவில் 5 மில்லிரேடியன், ஓரங்களை நோக்கிப் போகப்போக 10 வரை என்பது பயணிகள் விமானங்களுக்கான பொது எதிர்பார்ப்பு. 5 மில்லிரேடியன் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 5 மீட்டர். இந்த அளவுகோலோடு நீங்கள் கேட்ட மற்ற படங்களைப் பாருங்கள். எதிரே வரும் விமானத்தைச் சுற்றி ஒரு பெட்டி வரைய வேண்டும் என்கிறீர்கள். அந்த விமானம் தன் இடத்தை நொடிக்கு ஓரிரு முறை ரேடியோவில் அறிவிக்கிறது. 250 நாட் வேகத்தில் குறுக்கே போனால் நொடிக்குச் சுமார் 129 மீட்டர். ஒரு நொடி பழைய தகவல் என்றால், 3 கி.மீ. தூரத்தில் பெட்டி 43 மில்லிரேடியன் தள்ளி நிற்கும். கடைசித் திசைவேகத்தை வைத்து முன்கூட்டியே நகர்த்தி வரையலாம். அது திரும்பத் தொடங்கிய கணத்தில் அந்தக் கணிப்பும் தப்பும். பெட்டி ஓரிடத்தில், விமானம் வேறிடத்தில் என்றால், வெற்றுவானத்தை உற்றுப்பார்க்க நாமே பைலட்டுக்குச் சொல்லிக்கொடுத்ததாகும். எனவே பெரிய வட்டமாக ‘இந்தப் பக்கம் பார்’ என்று காட்டுவதே நேர்மையானது. புயல் மேகமும் அப்படியே. பயணிகள் விமான ரேடாரின் கற்றை சுமார் 3 டிகிரி அகலம், அதாவது 50 மில்லிரேடியனுக்கு மேல். அந்தத் தூரிகையால் மேகத்தின் விளிம்பைக் கூர்மையாக வரைவது பொய்க் கூர்மை. அதன் இடம் கீழே உள்ள வரைபடத் திரை.

மலையும் ஓடுபாதையும் வேறு வகை, அவை நகராதவை. சேமித்த நிலவரைபடத்தையும் ஜிபிஎஸ்ஸையும் வைத்து வரைவது செயற்கைக் காட்சி. அகச்சிவப்புக் கேமரா உண்மையாகவே பார்த்ததை ஹட்டில் பொருத்திக் காட்டுவது மேம்படுத்திய காட்சி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னது நினைவு, பின்னது பார்வை. நேற்று ஓடுபாதையில் நிறுத்திவிட்டுப் போன வண்டி முன்னதில் இருக்காது. கேமரா வகைக்கு 2001-இல் கல்ஃப்ஸ்ட்ரீம் விமானத்தில் முதல் சான்றிதழ் கிடைத்தது. அமெரிக்க விதிகள் 2004-இல் 100 அடி உயரம் வரை இறங்க அதை நம்பலாம் என்றன. 2016-இல் வந்த திருத்தம், தகுந்த கருவியும் பயிற்சியும் இருந்தால் தரைதொடும் வரை அனுமதித்தது. குறைகளும் தெளிவாகத் தெரிந்தவை. பழைய இழை விளக்குகள் வெப்பத்தையும் சேர்த்து உமிழும், கேமராவுக்கு அது கொண்டாட்டம். புதிய எல்இடி விளக்குகள் அகச்சிவப்பை ஏறக்குறைய உமிழ்வதே இல்லை, அதனால் கேமராவில் காணாமல் போகும். இதற்காகவே இப்போது சாதாரண ஒளிக்கும் அகச்சிவப்புக்கும் தனித்தனி உணரிகளைச் சேர்த்து ஒரே படமாக்குகிறார்கள். இன்னொன்று, அகச்சிவப்பு எல்லா மூட்டத்தையும் ஊடுருவும் என்ற நம்பிக்கை தவறு. மூட்டத்தின் நீர்த்துளி சில மைக்ரானிலிருந்து பத்துப் பதினைந்து மைக்ரான் வரை இருக்கும். அலைநீளமும் அதே அளவில் இருப்பதால் நன்றாகச் சிதறிவிடும். புகையிலும் மெல்லிய தூசு மூட்டத்திலும் பெரிய உதவி. டெல்லியின் ஜனவரி மாதத்து அடர்பனியில் அதே அளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மில்லிமீட்டர் அலை ரேடார் பனியைத் தாண்டும், ஆனால் படம் மொத்தையாக வரும்.

இத்தனையும் சரியாக வரைந்தாலும், மனிதக் கவனம் என்று ஒன்று இருக்கிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது அதுதான். நாசாவின் ஏம்ஸ் மையம் 1980-இல் வெளியிட்ட சிமுலேட்டர் ஆய்வில், ஹட் பார்த்துத் தரையிறங்கிய அனுபவமுள்ள பைலட்டுகளில் சிலர், ஓடுபாதையில் குறுக்கே நின்ற விமானத்தைக் கவனிக்கவே இல்லை. அது அவர்களின் பார்வைக்குள்ளேயே இருந்தது. கோடுகளில் ஒட்டிக்கொண்ட கவனம் அவற்றின் பின்னால் போகவில்லை. பிற்கால ஆய்வுகளும் எதிர்பாராத பொருளைக் கண்டுபிடிப்பதில் இந்தத் தாமதத்தைப் பார்த்திருக்கின்றன. அதனால் இது உறுதியான பக்கத்தில் சேரும். ஹட் படம் கண்ணின் குவிதலை முடிவிலியிலிருந்து கொஞ்சம் கிட்டே இழுத்து, தூரத்துப் பொருளைச் சிறிதாகக் காட்டுகிறதா என்பது பழைய சர்ச்சை. நடைமுறையில் அது எவ்வளவு பாதிக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. அதை நான் சந்தேகப் பக்கத்தில்தான் வைப்பேன். உறுதியானதிலிருந்து வந்த வழக்கங்கள் இவை: ஒரு பொத்தானில் பாதிக் குறிகளை மறைக்கும் வசதி, தரையிறங்கும் கட்டம் நெருங்க நெருங்கத் தானாகக் குறைந்துபோகும் எழுத்துகள், விமானம் அபாயமாகச் சாய்ந்தால் எல்லாம் மறைந்து, அடிவானம் எந்தப் பக்கம் என்று மட்டும் பெரிதாகக் காட்டும் முறை. முன்கண்ணாடி முழுக்க நிரப்பும் ஆசைக்கு எதிரான என் முதல் வாதமும் இதுதான். ஒளியியல் எல்லாம் நாளையே தீர்ந்தாலும் இது தீராது.

அகலமான பார்வை உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் தொழில் வேறு பக்கம் போய்விட்டது: தலையில் அணிவது. எஃப்-35 போர் விமானத்தில் ஹட்டே கிடையாது, எல்லாம் ஹெல்மெட்டின் முகமறைப்பில். கண்ணுக்கு மிக அருகே என்பதால் சிறிய ஒளியியல் போதும், எந்தப் பக்கம் திரும்பினாலும் படம் உண்டு. ஆனால் தலை எங்கே பார்க்கிறது என்பதை ஒவ்வொரு கணமும் அளக்க வேண்டும். ஹட்டில் 100 மில்லிநொடித் தாமதம் வரை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். விமானம் மெதுவாகத்தான் திரும்பும். தலையோ நொடிக்கு 100 டிகிரி திரும்பும். 50 மில்லிநொடித் தாமதத்தில் படம் 5 டிகிரி பின்தங்கும், குமட்டலும் வரும். எஃப்-35 ஹெல்மெட்டில் எல்சிடி திரையின் பின்னொளி கசிந்து, இரவில் கப்பல்மேல் இறங்கும்போது பச்சைத் திரைபோல் மறைத்தது. பிறகு ஓஎல்இடி திரைக்கு மாற்றினார்கள். பயணிகள் விமானங்களிலும் தலையில் அணியும் வகை நுழைந்துவிட்டது. 2023 இறுதியில் போயிங் 737-க்கு அத்தகைய அமைப்பு ஒன்று அமெரிக்கச் சான்றிதழ் பெற்றது. இங்கே நான் கொடுத்த அளவுகள் பயணிகள் விமானங்களுக்கு உரியவை. போர் விமானங்களின் துல்லிய எண்கள் பொதுவில் கிடைப்பதில்லை, அவற்றை இதிலிருந்து ஊகிக்க வேண்டாம்.

இப்போது உங்கள் ப்ராஜெக்ட். செய்யலாம், செலவும் குறைவு. ஏ4 அளவு பிளாஸ்டிக் ஃப்ரெனெல் லென்ஸ் (வட்ட வட்டமாக வரிப்பள்ளம் வெட்டிய மெல்லிய தட்டை லென்ஸ்), குவியத்தூரம் 300 மி.மீ. பக்கம் பார்த்து வாங்குங்கள். 2 மி.மீ. தட்டைக் கண்ணாடி, 20-க்கு 20 செ.மீ. அக்ரிலிக் வேண்டாம், தன் எடைக்கே வளையும். திரைக்கு ஓஎல்இடி கைப்பேசி. எல்சிடி என்றால் கறுப்பிலும் சாம்பல் ஒளி கசிந்து வெளிக்காட்சியை மூடும். உள்ளே கறுப்புத் தாள் ஒட்டிய பெட்டியின் அடியில் கைப்பேசியை மல்லாத்தி வைத்து, மேலே லென்ஸ், அதற்கு மேல் 45 டிகிரியில் கண்ணாடி. லென்ஸின் வரிப்பள்ளம் உள்ள பக்கம் கண்ணாடியை, அதாவது இணைகதிர் பக்கத்தைப் பார்க்கட்டும். மாற்றி வைத்தால் ஓரங்கள் குழம்பும். ஒரே ஒரு பிரதிபலிப்பு என்பதால் படம் புரண்டு தெரியும், மென்பொருளில் புரட்டிவிடுங்கள். 30 டிகிரிக்கு ஆசைப்பட வேண்டாம். கண்ணிலிருந்து கண்ணாடி 25, கண்ணாடியிலிருந்து லென்ஸ் 15, மொத்தம் 40 செ.மீ. என்றால், 15 டிகிரி அகலத்துக்கும் 5 செ.மீ. தலையசைவுக்கும் 15.5 செ.மீ. லென்ஸ் போதும். திரையில் 79 மி.மீ. அகலம் பயன்படும். இந்தக் குவியத்தூரத்தில் 1 டிகிரி 5.2 மி.மீ., 5 மில்லிரேடியன் 1.5 மி.மீ. வெயிலில் லென்ஸை ஒருபோதும் திறந்து வைக்காதீர்கள். கைப்பேசித் திரையைச் சில நொடியில் கருக்கிவிடும், தாள் தீப்பிடிக்கும். ஓடும் வண்டியில் வைத்துச் சோதிக்கவும் கூடாது.

இணைகதிர் வந்துவிட்டதா என்று கண்ணால் முடிவுசெய்யாதீர்கள், கண் தானாகச் சரிசெய்துகொள்ளும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கைப்பேசிக் கேமராவை வைத்து, அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஒரு கட்டடத்தின்மேல் குவித்துப் பூட்டுங்கள். பிறகு கேமராவை 2 செ.மீ. வலப்பக்கம் நகர்த்துங்கள். குறி, கட்டடத்தை ஒப்பிட இடப்பக்கம் ஓடினால் படம் இன்னும் அருகில்தான் இருக்கிறது, திரையை லென்ஸிலிருந்து கொஞ்சம் விலக்குங்கள். கேமராவோடு சேர்ந்து வலப்பக்கம் வந்தால் விலக்கியது அதிகம், நெருக்குங்கள். அசையாமல் நிற்கும் இடம் கிடைத்ததும் திருகி இறுக்கிவிடுங்கள். அடுத்து, 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் 17.5 செ.மீ.-க்கு ஒரு குறி போடுங்கள், ஒவ்வொன்றும் நடுப்பகுதியில் ஒரு டிகிரி. கேமராவை அசைக்காமல், ஒன்பது இடங்களில் திரைக்குறிக்கும் சுவர்க்குறிக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து, அதற்கேற்ப மென்பொருளில் திருத்துங்கள். பெட்டியைச் சுழல் நாற்காலியில் வைத்து, கைப்பேசியின் ஜைரோவைக் கொண்டு திசைக்கோட்டை நிலையாக நிறுத்திப் பாருங்கள். தாமதத்தை, நொடிக்கு 240 படம் எடுக்கும் கேமராவில் நாற்காலி அசையத் தொடங்கிய படத்திலிருந்து கோடு அசையத் தொடங்கிய படம் வரை எண்ணினால் அறியலாம், ஒரு படம் 4.2 மில்லிநொடி. 80 மில்லிநொடி வந்தால், நொடிக்கு 3 டிகிரி திருப்பத்தில் அது மட்டுமே 4.2 மில்லிரேடியன். ஒன்பது புள்ளிகளின் பிழை, தலையசைவில் வரும் பிழை, தாமதத்தால் வரும் பிழை, மூன்றையும் திருத்தத்துக்கு முன், பின் என்று ஒரே அட்டவணையில் காட்டுங்கள். தேர்வாளர் முதலில் கேட்கப்போவது அந்த அட்டவணையைத்தான்.